வெயிலுக்குப் பதில் காற்று

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மண்டபம் வந்து சேர்ந்தேன். விடுதி அறையில் மின்விசிறி இருக்கிறது, சுற்றவும் செய்கிறது, காற்று மட்டும் வரவில்லை. குழாயைத் திறந்தால் முதலில் ஒரு இருமல், அப்புறம் உப்புத் தண்ணீர்.

வந்த வேலை இது. முதுகுளத்தூர்ப் பக்கம் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கும் தரிசில் பெரிய சூரிய மின்பண்ணை போடலாம் என்று ஒரு யோசனை. அந்த மின்சாரத்தைக் கோரைவலசைக் கரையில் இறக்கி, கடலடியில் கேபிள் போட்டு மன்னாருக்கு அனுப்ப முடியுமா? முடியுமா முடியாதா என்று சொல்வதுதான் என் பிழைப்பு. இந்தக் கரையிலிருந்து நடுக்கடல் வரை எங்கள் பாதி. அங்கிருந்து மன்னார் வரை அவர்கள் பாதி. இரண்டு அறிக்கையும் ஒட்டி ஒன்றாகப் போக வேண்டும்.

வாடைக்காற்று கிளம்பினால் இந்தக் கடலில் எதுவும் செய்ய முடியாது. அதற்குள் கடலடி முழுவதையும் படமெடுத்தாக வேண்டும். எடுக்காவிட்டால் ‘சாத்தியமில்லை’ என்று எழுதி மூட்டை கட்ட வேண்டியதுதான்.

இதற்கு முன் இரண்டு ஆய்வு செய்தேன். இரண்டிலும் ‘சாத்தியமில்லை’ என்றுதான் கையெழுத்துப் போட்டேன். பொய் சொல்லவில்லை, நிஜமாகவே முடியாது. ஆனாலும் ஒரே ஒரு தடவை ‘முடியும்’ என்று எழுதிப் பார்க்க ஆசை. நாற்பத்தாறு வயதில் வேறென்ன ஆசை இருக்கப்போகிறது.

ஆகஸ்ட் 7, வியாழன்

கடலில் முதல் நாள். வாந்தி. அதற்கு மேல் எழுதத் தெம்பில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

படகோட்டி தூத்துக்குடிக்காரர். பெயர் கொலம்பஸ். கிண்டலாக்கும் என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். ஞானஸ்நானப் பெயரே அதுதானாம். “எங்க தெருவுல மூணு கொலம்பஸ் இருக்கோம் மேடம், ஒருத்தனும் அமெரிக்கா போகல” என்றார்.

சாயங்காலம் மன்னார்ப் பாதியைப் பார்க்கும் பொறியாளர் அழைத்தார்.

“வணக்கம் மிஸ். எட்வின் லெம்பேட் கதைக்கிறன், மன்னாரில இருந்து.”

“மிஸ்ஸா? நான் என்ன ஒண்ணாங்கிளாஸ் டீச்சரா? சௌந்தரம்னு சொல்லுங்க.”

“சரி மிஸ்.”

எரிச்சல்தான் வந்தது. ஆனால் ஆள் வேலையில் கெட்டி. இரண்டு பக்க ஆழக் கணக்கும் நடுக்கோட்டில் பொருந்த வேண்டுமே, அதனால் தினமும் பொழுது சாயும்போது எண்களைச் சரிபார்த்துக்கொள்வோம் என்றார். வாந்திக்கு என்ன செய்கிறீர்கள் என்றும் கேட்டார். அதை அவரிடம் யார் சொன்னது? கொலம்பஸ்தான், அந்தப் பக்கப் படகோட்டியோடு பேசியபோது. ஊரெல்லாம் தமுக்கடிக்கிற ஆள்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

கரையோரம் ஆரம்பிக்கத் தேதி குறித்தேன். இந்தப் பக்கம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி போகும், மற்ற நாளில் போகாது என்று துறைமுகத்தில் சொன்னார்கள். ஆக, வியாழக்கிழமை கடல் காலி. நிம்மதியாக வேலை பார்க்கலாம். கொலம்பஸும் தலையாட்டினார்.

லெம்பேட் அழைத்தார். ஆழக் கணக்கு ஐந்து நிமிஷம். மிச்ச நேரம் மன்னார்க் கழுதைகளைப் பற்றிப் பேச்சு. ஊர்த் தெருவெல்லாம் கழுதை திரியுமாம். “என்ர வாசலில ரெண்டு வந்து நிக்கும் மிஸ். வேற ஒருத்தரும் இல்லை என்னைத் தேடி வாறதுக்கு” என்றார். நான் கேட்கவே இல்லை. அவராகச் சொன்னது.

ஆகஸ்ட் 14, வியாழன்

நாசமாய்ப் போயிற்று.

கடலடியைப் படமெடுக்கும் மஞ்சள் உருளையைக் கயிற்றில் கட்டி, படகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனோம். கரையிலிருந்து கூப்பிடு தூரம்கூட இல்லை, படகு ஒரு இழுப்பு இழுத்து நின்றது. திரும்பிப் பார்த்தால் எங்கள் கயிற்றில் வலை. வலைக்குப் பின்னால் இன்னொரு வலை. நண்டு வலை, வரிசை வரிசையாக. கொலம்பஸ் பதறிப்போய்ப் படகைத் திருப்ப, இன்னும் நாலு வலை சுருட்டிக்கொண்டு வந்தது.

விசைப்படகு போகாத நாள் என்றால் கடல் காலி என்று நினைத்தேன் அல்லவா? அதுதான் நாட்டுப்படகுகளின் நாளாம். ஒருவர் வலையை ஒருவர் அறுக்கக் கூடாது என்று இரண்டு தரப்பும் நாளைப் பிரித்துக்கொண்ட ஏற்பாடு. அதனால் அந்த நாட்களில்தான் கரையோரம் பூராவும் வலை கிடக்கும். வருஷக்கணக்காக நடக்கிற முறை. தூத்துக்குடியில் இப்படிக் கிடையாது, கொலம்பஸுக்குத் தெரியவில்லை. எனக்கு? நான் பாதியைக் கேட்டுவிட்டு மீதியை நானே முடிவு செய்தேன்.

மூன்று படகுகள் எங்களைச் சுற்றி வந்து நின்றன. யாரும் கை ஓங்கவில்லை. கயிற்றை அவிழ்த்து, உருளையைத் தூக்கித் தங்கள் படகில் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். போகும்போது ஒரு பெண் மட்டும் சத்தம் போட்டாள். “கரண்டு விக்க வந்தவுகளுக்குக் கண்ணுமா இல்ல?”

லெம்பேட் அழைத்தார். எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கோரைவலசை நாட்டுப்படகுச் சங்கத் தலைவர் சந்தியாகுவைப் பார்க்கப் போனேன். கொடியேற்றிவிட்டு மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கும் ஒன்று கொடுத்தார், சிரிக்காமல்.

“உங்க மஞ்சக் குண்டு பத்திரமா இருக்கும்மா. ஏலக்கூடத்துல வெச்சிருக்கோம், யாரும் தொட மாட்டாங்க. ஆனா குடுக்க மாட்டோம்.”

“வலைக்கு உண்டானதைக் கம்பெனி குடுத்துரும்ணே.”

“வலைய விடுங்க. கேபிள் வந்தா அதுக்கு மேல வலை போடக் கூடாதுன்னு சட்டம் வருமா வராதா? அதுக்குப் பதிலச் சொல்லிட்டுக் குண்ட எடுத்துட்டுப் போங்க.”

மிட்டாயைக் கையில் வைத்துக்கொண்டே விடுதிவரை நடந்தேன், பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

அன்று சத்தம் போட்டவள் பெயர் செபஸ்தியம்மா. கிழிந்ததில் பாதி வலை அவளுடையது. மன்னிப்புக் கேட்கப் போனேன். தென்னங்கீற்றுப் பந்தலுக்கடியில் வலையை மடியில் போட்டு நண்டு எடுத்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை. நானே உட்கார்ந்தேன்.

“சும்மா குந்திருக்கிறதுக்கு ஒரு கை போடுங்க” என்று ஒரு வலையைத் தள்ளிவிட்டாள்.

நண்டு எடுப்பதற்கு ஒரு பக்குவம் வேண்டும். எனக்கு அது இல்லை. இரண்டாவது நண்டே கட்டைவிரலைக் கவ்விக்கொண்டது. ஐயோ அம்மா என்று நான் கத்திய கத்தில் பந்தலே சிரித்தது. செபஸ்தியம்மாவும் சிரித்துவிட்டாள். “விடுங்கக்கா, அதுக்கும் உங்க மேல கோவம்” என்றாள். ‘அக்கா’ வந்துவிட்டது. கையில் ரத்தம் வந்ததற்குக் கிடைத்த லாபம்.

சாயங்காலம் லெம்பேட் அழைத்தபோது எடுத்தேன். மூன்று நாளாக ஏன் எடுக்கவில்லை என்று கேட்கவில்லை, “சாப்பிட்டியளோ?” என்று மட்டும் கேட்டார். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கொஞ்சம் அழுகைகூட வந்தது. நண்டுக்கடிதான் காரணம்.

அம்மா அருப்புக்கோட்டையிலிருந்து பேசினாள். “ஏண்டி, உனக்கு எப்ப அடிச்சாலும் வேற ஒருத்தர்கூடப் பேசிட்டிருக்கன்னே வருது?” வேலை விஷயம் என்றேன்.

ஆகஸ்ட் 20, புதன்

சென்னையிலிருந்து ரெங்கராஜன் சார். என் மேலதிகாரி. நல்லவர்தான், போனில் மட்டும் பேசுகிறவரை.

“சௌந்தரம், ஊர்க்காரங்க பிரச்சினை ஒரு பக்கம் இருக்கட்டும். கணக்கே உதைக்குதேம்மா. சூரியன் ஆறு மணிக்கு வீட்டுக்குப் போயிடறான். அப்புறம் விடியறவரைக்கும் கேபிள் சும்மா படுத்துக் கிடக்கும். இவ்வளவு காசு போட்டுக் கடலுக்கடியில ஒண்ணத் தூங்க வைக்கறதா? பேசாம முடியாதுன்னு எழுதி முடிச்சுடு.”

மூன்றாவது ‘முடியாது’. எழுதிவிட்டால் அடுத்த வாரமே சென்னை. கடல் இல்லை, வாந்தி இல்லை. தினசரி அழைப்பும் இருக்காது. நல்லதுதான், காதுவலி மிச்சம்.

இரவுச் சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பசியில்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

ரெங்கராஜன் சார் சொன்னதை லெம்பேட்டிடம் சொன்னேன். அவர் கேட்டார்:

“நீங்கள் அனுப்பிறதை மட்டும் ஏன் யோசிக்கிறியள்? பகல் முழுக்க உங்கட வெயில் இஞ்ச வரட்டும். பொழுதுபட்டால் எங்கட காத்து அங்க வரட்டும். காற்றாலை சுத்துறதுக்கு மன்னாரில காத்துக்கு என்ன பஞ்சமா? சோளகக் காலத்தில, தென்மேல் காத்து அடிக்கேக்க, இரவு முழுக்க வீட்டுக் கூரையைப் பிடிச்சுக்கொண்டுதான் நாங்கள் நித்திரை கொள்ளுறது.”

“எல்லா மாசமும் அப்படி அடிக்காதே?”

“அடிக்காது. சித்திரையில படுத்திடும். நான் பொய் சொல்லேல்லை. கணக்குப் பாருங்கோவன்.”

பார்த்தேன். இரண்டு நாள் தலை நிமிராமல் மணிவாரியாகப் பார்க்க வேண்டிய கணக்கு இது, ஆனால் முதல் பார்வையிலேயே தெரிகிறது. போகிற கேபிள் திரும்பி வருகிற கேபிளாகவும் இருந்தால் அது தூங்குகிற நேரம் பாதிக்கும் கீழே இறங்குகிறது. நாற்காலியை விட்டு எழுந்து அறைக்குள்ளேயே நடந்தேன். இத்தனை நாள் ஏற்றுமதி ஏற்றுமதி என்றே யோசித்துக்கொண்டிருந்திருக்கிறேன், மடச்சி.

பேச்சோடு பேச்சாக இன்று அவர் ‘மிஸ்’ என்று சொல்லவே இல்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

பூசை முடிந்ததும் ஏலக்கூடத்தில் கூட்டம். நடுவில் என் மஞ்சள் உருளை, ஒரு மீன் கூடையின் மேல். யாரோ அதற்குப் பூவும் வைத்திருந்தார்கள்.

தடை வராது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அப்போதே கொடுத்திருப்பார்கள். சொல்ல வாய் வரவில்லை. சட்டம் போடுவது நான் அல்லவே. உள்ளதைச் சொன்னேன். கேபிளை மேலாகப் போட்டால் நங்கூரமும் இழுவலைப் பலகையும் பட்டு அறுந்துபோகும், அந்தப் பயத்தில்தான் தடை போடுவார்கள். எட்டாத ஆழத்தில் புதைத்துவிட்டால் பயமும் இல்லை, தடைக்குக் காரணமும் இல்லை. கரையோரத்தில் கடற்பசு மேயும் புல்லைத் தோண்டாமல், அதற்கும் அடியில் துளைபோட்டுக் கொண்டுபோகலாம். செலவு கூடும். ஆனால் காற்று திரும்பி வந்தால் அந்தச் செலவைக் கேபிளே தாங்கும்.

“அதெல்லாம் செய்வாகளா?” சந்தியாகு கேட்டார்.

“தெரியாதுண்ணே. ஆனா அறிக்கையில நான் எழுதுவேன். மீன்பிடிக்கத் தடை போடாத ஆழத்துல புதைச்சா மட்டும்தான் சாத்தியம்னு. அந்த வரி இல்லாம என் கையெழுத்து இருக்காது.”

கூட்டத்தில் முணுமுணுப்பு. செபஸ்தியம்மா எழுந்தாள்.

“இந்தக்கா நல்லாப் பேசுதோ இல்லையோ, பொய் பேசத் தெரியல. வராதுன்னு சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல? சொல்லலயே. குடுத்துருங்க.” உட்காரப் போனவள் திரும்பினாள். “ஆனா அளக்குறது எங்க வலை கெடக்காத நாளுல. இனிமேத் தப்பி வந்தீக, நண்டு கடிச்சது பத்தாதுன்னு நானே கடிச்சுருவேன்.”

ஏலக்கூடம் குலுங்கிச் சிரித்தது. கொலம்பஸ் உருளையைக் குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு வந்தார். பூவை எடுக்கவில்லை.

செப்டம்பர் 3, புதன்

புது ஏற்பாடு. விசைப்படகு நாட்களில் கரையோரம் அளக்கிறோம், நாட்டுப்படகு நாட்களில் ஆழ்கடல். இரண்டு பேர் வழியிலும் நாங்கள் குறுக்கே இல்லை. இந்த முறையைப் போட்டவர்கள் எங்களுக்காகவே போட்டது போல் வேலை ஓடுகிறது. உச்சியைப் பிளக்கிற வெயில். பண்ணைக்கு நல்லது, எனக்குத்தான் மூக்குத் தோல் உரிகிறது.

செப்டம்பர் 9, செவ்வாய்

இன்று வாந்தி இல்லை!

செப்டம்பர் 18, வியாழன்

நடுக்கோடு. இரண்டு பக்கப் படகும் ஒரே நேரத்தில் வந்து ஒரே இடத்தை அளந்து பார்க்க வேண்டிய நாள். இரண்டு பக்கக் கடற்படைக்கும் சொல்லி, அனுமதி வாங்கி, ஆளுக்கொரு ரோந்துப் படகு காவல். கோட்டைத் தாண்டக் கூடாது, ஒரு படகிலிருந்து இன்னொன்றுக்கு ஏறக் கூடாது. கண்டிப்பு.

விடிகாலையில் எழுந்து மூன்று சேலையை எடுத்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் வழக்கமான சுடிதாரையே போட்டுக்கொண்டேன். உயிர்காப்புச் சட்டைக்குள்ளே எது போட்டால் என்ன.

வெள்ளைப் படகு வந்தது. முன்னால் ஒரு உயரமான ஆள், நரைத்த தாடி, தலையில் பனையோலைத் தொப்பி. போனில் குரலைக் கேட்டுக் குண்டான ஆள் என்று நினைத்திருந்தேன்.

“மிஸ் சௌந்தரமோ?”

“மறுபடியும் மிஸ்ஸா?”

“எல்லாரும் கேட்டுக்கொண்டிருக்கினம். மரியாதையாக் கதைக்க வேண்டாமோ?”

இரண்டு படகிலும் சிரிப்பு. எனக்கு வெயிலில் முகம் எரிந்தது.

ஆழம் அளந்தோம். பொருந்தியது. இன்னொரு தடவை அளக்கலாம் என்று அவர் சொன்னார். சரி என்றேன். அதுவும் பொருந்தியது. மூன்றாவது தடவைக்குக் கொலம்பஸ் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். டீசல் கணக்கு அவருடையது.

கிளம்பும்போது லெம்பேட் எதையோ தூக்கிக் காட்டினார். சின்னப் பனையோலைக் கூடு, உள்ளே பனங்கட்டி. “குட்டான்! வாந்திக்கு நல்லது!” என்று கத்தி வீசினார். முதலாவது கடலுக்குப் போயிற்று. இரண்டாவது கொலம்பஸ் தலையில் பட்டு என் மடியில் விழுந்தது. பதிலுக்கு என்னிடம் என்ன இருக்கிறது? அம்மா கொடுத்து அனுப்பிய சாத்தூர்க் காராச்சேவுப் பொட்டலம். வீசினேன். ஒரே வீச்சில் அவர் கைக்குப் போனது. பள்ளிக்கூடத்தில் எறிபந்து ஆடியவள் நான்.

கேபிள் வருவதற்கு முன்பே கொடுக்கல் வாங்கல் ஆரம்பித்தாயிற்று. ரோந்துப் படகுக்காரர்கள் பெரிய மனசு பண்ணி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வாந்தி நின்று பத்து நாள் ஆகிறது. இருந்தாலும் குட்டானைத் தின்று தீர்த்தேன். ஓலையைத் தூக்கிப் போடவில்லை.

அக்டோபர் 8, புதன்

அறிக்கையை முடித்தேன். ‘சாத்தியம்’ என்று தட்டச்சு செய்துவிட்டு அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கீழே அந்த நிபந்தனை வரி. அனுப்பினேன்.

அக்டோபர் 10, வெள்ளி

ரெங்கராஜன் சார்: “ரொம்ப நல்லா வந்திருக்கும்மா. அந்தக் காத்துக் கணக்கு பிரமாதம். அந்த ஒரு வரிய மட்டும் எடுத்துடு. முதலீடு போடறவங்க ‘மட்டும்’கிற வார்த்தையப் பார்த்தா ஓடிடுவாங்க. ஆழத்தையெல்லாம் பின்னாடி பார்த்துக்கலாம்.”

“அந்த வரி இல்லேன்னா சாத்தியம்ங்கிற வார்த்தையும் இல்ல சார்.”

“அப்ப வேற யாரையாவது கையெழுத்துப் போடச் சொல்றேன்.”

“சொல்லுங்க” என்று வைத்துவிட்டேன். ஏலக்கூடத்தில் சொன்ன வார்த்தை இப்படி அந்தரத்தில் போய்விடுமா? செபஸ்தியம்மா முகத்தில் எப்படி முழிப்பேன்? அழுதேன், இந்தத் தடவை நண்டு கடிக்கவில்லை.

லெம்பேட்டிடம் சொல்லவில்லை. இது என் பக்கத்துச் சண்டை. அவர் பாதியை அவர் தன் முறைப்படி எழுதட்டும். ஆழக் கணக்கு மட்டும் பேசிவிட்டு வைத்தேன். அளக்க இனி ஆழம் ஏது? அவரும் கேட்கவில்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

காலையில் ரெங்கராஜன் சார் அழைத்தார். குரல் வேறு மாதிரி இருந்தது.

“நீங்க ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டீங்களா?”

“எதை சார்?”

“மன்னார்ப் பாதி வந்திருக்கு. உன்னோட அதே நிபந்தனை. தடை போடாத ஆழத்துல புதைச்சா மட்டும்தான் சாத்தியமாம். அதே ‘மட்டும்’! உன் பாதியில அத எடுத்தா ரெண்டும் ஒட்டாது. ஒட்டாத அறிக்கைய நான் எங்க கொண்டு காட்டறது?” பெருமூச்சு. “செலவுக் கணக்கத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். காத்தச் சேர்த்தா தாங்குது. போகட்டும். நீயே கையெழுத்துப் போடு.”

உடனே மன்னாருக்கு அடித்தேன். எப்போதும் பொழுது சாய்ந்துதான் பேசுவோம், காலையில் அழைத்ததும் அவர் பதறிவிட்டார்.

“நான் உங்ககிட்டக் கேக்கவே இல்லையே!” என்று கத்தினேன். நன்றி சொல்லத்தான் எடுத்தேன், கத்தலாகத்தான் வந்தது.

“நீங்கள் கேட்டு நான் எழுதேல்லை, சௌந்தரம். எங்கட கடற்கரையிலயும் நண்டு வலைக்காரர் இருக்கினம். அவையளும் அதைத்தான் கேட்டவை. வலையை அறுக்காமல் வாறதெண்டால் வரட்டும் எண்டு.”

அந்தப் பக்கம் ஒரு கழுதை கத்துவது கேட்டது.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். முதல் ‘முடியும்’.

அக்டோபர் 17, வெள்ளி

கோரைவலசையில் சொல்லிவிட்டு வந்தேன். வாடை ஆரம்பித்துவிட்டது, படகெல்லாம் கரையேற்றிக் கிடந்தது. இது அறிக்கைதான், கேபிள் வரப் பல வருஷம் ஆகும், நடுவில் எதுவும் நடக்கலாம் என்று ஒளிக்காமல் சொன்னேன். சந்தியாகு இந்தத் தடவை சிரித்துக்கொண்டே தேநீர் கொடுத்தார். செபஸ்தியம்மா ஒரு பை நண்டு கொடுத்தாள். உயிரோடு. வேண்டுமென்றேதான்.

நவம்பர் 4, செவ்வாய்

அருப்புக்கோட்டை. அடுத்த கட்டத்துக்கு ஒப்புதல் வந்துவிட்டது. விரிவான வேலை இரண்டு கரையிலும் இரண்டு வருஷம். கூட்டு விளக்கக் கூட்டம் மதுரையில், வெள்ளிக்கிழமை. மன்னார்க் குழு வருகிறது. மறுநாள் சனிக்கிழமை எனக்கு வீட்டில் வேலை ஒன்றும் இல்லை. அருப்புக்கோட்டை மதுரைக்குப் பக்கம்தான்.

அம்மா சமையலறையிலிருந்து கேட்டாள். “ஏண்டி, சனிக்கிழமைக்குக் குழம்புல காரம் கம்மியாப் போடட்டுமா? அவருக்கு நம்ம காரம் ஆகுமா?”

யாரோ வருகிறார் என்று நான் அவளிடம் சொல்லவே இல்லை.

“ஆகும்மா” என்றேன். “ஒரு பொட்டலம் காராச்சேவப் படகு கரைக்குப் போறதுக்குள்ள தீர்த்தவரு.”